கன்சாஸ் கடைக்காரருக்குக் கிடைத்த வரிச் சலுகை

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளன்று பிற்பகலில் புறக்கோட்டையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் கடைக்குக் கடை வானொலியோ தொலைக்காட்சியோ ஓடிக்கொண்டிருக்கும். நிதியமைச்சர் மணித்தியாலக் கணக்கில் வாசிப்பார். பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி அபிவிருத்தி என்று அவர் வாசித்துக்கொண்டு போகும்போது யாரும் காது கொடுப்பதில்லை. 'வற்' என்ற சொல் கேட்டதும்தான் லாச்சியடியில் இருப்பவர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார்.

எனக்கு நன்கு பழக்கமான மொத்த வியாபாரி ஒருவர் இருக்கிறார். பலசரக்குச் சாமான்களில் நாற்பது வருட அனுபவம் உள்ளவர். அப்படியான ஒரு பிற்பகலில் அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, எங்களுக்கு எவ்வளவு குறையுது எண்டத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த அரசாங்கம் பாத்துக்கொள்ளும்."

அந்த மிச்சத்தை அரசாங்கம் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். அதற்கு நல்ல உதாரணம் நமது நாட்டில் அல்ல, அமெரிக்காவின் நடுவே கன்சாஸ் என்ற மாநிலத்தில் இருக்கிறது. கொழும்பில் கடை வைத்திருப்பவருக்குக் கன்சாஸ் எதற்கு என்று கேட்பீர்கள். வியாபாரிகளின் இலாபத்துக்கு வரியே வேண்டாம் என்று சட்டம் போட்டு, அதன் பலன் என்ன என்பதைச் சதம் சதமாகக் கணக்கு வைத்திருக்கும் இடம் அது. நம்மைப் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு.

கன்சாஸ் நிலப்பரப்பில் இலங்கையைப் போல் மூன்று மடங்கு பெரியது. சனத்தொகையோ முப்பது இலட்சத்துக்கும் குறைவு. கோதுமையும் மாட்டுப் பண்ணையும் விச்சிட்டா நகரின் விமான உற்பத்தியும்தான் அதன் பிழைப்பு. நமது மாகாண சபைகளைப் போல் மத்தியிலிருந்து வரும் பணத்துக்குக் கையேந்தி நிற்கும் அமைப்பல்ல அமெரிக்க மாநிலம். தனக்கென்று வருமான வரி, விற்பனை வரி இரண்டையும் அது அறவிடுகிறது. பாடசாலைகளையும் பெருந்தெருக்களையும் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடத்துகிறது. இன்னொரு முக்கிய வேறுபாடு, அதற்குப் பணம் அச்சிட முடியாது. அன்றாடச் செலவுக்காகக் கடன் வாங்கிக்கொண்டே போகவும் முடியாது. வருடந்தோறும் வரவையும் செலவையும் சமப்படுத்தியே ஆக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2011 ஜனவரியில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சாம் பிரவுன்பேக் அங்கு ஆளுநராகப் பதவியேற்றார். வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் வேலைவாய்ப்புப் பெருகும், இறுதியில் வரி வருமானமும் தானாகக் கூடும் என்பது அவரது நம்பிக்கை. இந்தக் கொள்கையின் பிரபல பிரசாரகரான பொருளியலாளர் ஆர்தர் லஃபரை 75,000 டொலர் கொடுத்து ஆலோசகராக அமர்த்தினார். தனது திட்டத்தைப் பொருளாதாரத்தின் இதயத்துக்கு ஏற்றப்படும் ஊசி என்று வர்ணித்தார். நேரடிப் பரிசோதனை என்றும் அவரே சொன்னார். எதிராளிகள் பின்னர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரை விடவேயில்லை.

சட்டமூலம் நிறைவேறிய விதம் வேடிக்கையானது. மாநில செனட் சபையில் முதலில் 20க்கு 20 என்று வாக்குகள் சமமாகப் பிரிந்து அது தோற்றது. பேச்சுவார்த்தை தொடர்வதற்காவது அனுமதியுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று ஆளுநர் தரப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் செனட் அதனை மீண்டும் எடுத்து நிறைவேற்றியது. மற்றைய சபையோ திருத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. அதே வடிவத்தில் அப்படியே ஏற்று நிறைவேற்றிவிட்டது. சந்தையில் விலை பேசுவதற்காக நீட்டிய பொருளை மற்றவர் பறித்துக்கொண்டு போன கதைதான். 2012 மே மாதம் பிரவுன்பேக் கையொப்பமிட்டார். 2013 ஜனவரி முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொன்னது இதுதான். தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம் 6.45இலிருந்து 4.9 ஆகக் குறைக்கப்பட்டது. அதைவிடப் பெரியது வியாபாரிகளுக்கான சலுகை. பெரிய கூட்டுத்தாபனங்கள் கம்பனி வரி செலுத்துகின்றன. தனியாள் வியாபாரம், பங்கு வியாபாரம், பண்ணை, சிறிய கம்பனி போன்றவற்றின் இலாபம் உரிமையாளரின் சொந்த வருமானமாகவே கணக்கிடப்பட்டு வருமான வரிக்கு உட்படும். கன்சாஸ் அந்த இலாபத்துக்கான மாநில வருமான வரியை முற்றாக நீக்கியது. மத்திய அரசின் வரி இருக்கும், மாநிலத்துக்கு ஒரு சதமும் வேண்டாம்.

நமது ஊரில் இப்படி ஓர் அறிவித்தல் வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டாசு கொளுத்துவோம். மாநிலத்தின் வர்த்தக சம்மேளனமும் முழு மூச்சாக ஆதரித்தது. ஆளுநரின் போக்குக்கு உடன்படாத குடியரசுக் கட்சி செனட்டர்கள் பலர் 2012 ஆகஸ்டில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்விலேயே தோற்கடிக்கப்பட்டனர். செனட் தலைவரும் அவர்களில் ஒருவர்.

இனிக் கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு முப்பதாயிரம் டொலர் இலாபம் காணும் ஒரு சிறு கடைக்காரருக்குக் கழிவுகள் போக மாநில வரியாக மிஞ்சிய சுமை சில நூறு டொலர்தான். அதுவே அவருக்குக் கிடைத்த சலுகை. சில நூறு டொலரைக் கொண்டு எந்த முதலாளி புதிதாக ஒரு ஆளை வேலைக்குச் சேர்ப்பார்? பழைய அடுப்பை மாற்றலாம், பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசலாம். ஆனால் வருடம் பத்து இலட்சம் டொலர் பங்கிலாபம் பெறும் சட்டத்தரணிக்கோ அறுபதாயிரம் டொலருக்கும் மேல் மிச்சம். சிறு வியாபாரியின் பெயரைச் சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தில் பெரும் பங்கு யாருக்குப் போனது என்பதை இந்த இரண்டு வரிகளே சொல்லிவிடும்.

அதோடு நிற்கவில்லை. சம்பளத்துக்கு வரி உண்டு, வியாபார இலாபத்துக்கு வரி இல்லை என்றால் புத்தியுள்ளவர் என்ன செய்வார்? சம்பளத்தை இலாபமாக மாற்றிக்கொள்வார். தொடக்கத்தில் சுமார் 1,91,000 வியாபாரங்கள் பயனடையும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கடைசியில் 3,30,000க்கும் அதிகமானோர் வந்து நின்றார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பிரபல கூடைப்பந்துப் பயிற்றுநர் தனது வருமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கம்பனி ஒன்றின் மூலமாகப் பெற்றார் என்ற செய்தி 2016இல் வெளியானபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. அவர் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் இதில் விசேஷம். பின்னர் பொருளியலாளர்கள் சிலர் வரிக் கோப்புகளை ஆராய்ந்து எழுதினார்கள். புதிய முதலீடோ புதிய தொழிலோ அல்ல, வருமானத்தின் பெயரை மாற்றியதே பெரும்பாலும் நடந்தது என்பது அவர்களின் முடிவு.

2014 ஜூனுடன் முடிந்த நிதியாண்டில் மாநிலத்தின் பொது நிதிக்கு வந்த வருமானம் முந்திய வருடத்தைவிடச் சுமார் 700 மில்லியன் டொலரால் வீழ்ந்தது. பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமான வீழ்ச்சி. ஒரு கடையில் வருடத்துக்கு வருடம் வியாபாரம் இப்படிக் குறைந்தால் முதலாளிக்கு நித்திரை வராது. அதே வருடம் மூடிஸ், எஸ் அன்ட் பி ஆகிய இரண்டு நிறுவனங்களும் மாநிலத்தின் கடன் தரத்தைக் குறைத்தன.

ஓட்டையை அடைக்க அவர்கள் செய்தவை நமக்கு மிகவும் பரிச்சயமானவை. பெருந்தெருக்களுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லியன் டொலரைப் பொதுச் செலவுக்கு எடுத்தார்கள். அரச ஊழியரின் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்த வேண்டியதைத் தள்ளிப்போட்டார்கள். பாடசாலைகளுக்கான பணத்தை இறுக்கினார்கள். 2015இல் கொன்கோர்டியா, டுவின் வெலி போன்ற கல்வி வட்டாரங்கள் பணம் போதாமல் தவணையைச் சில நாட்கள் முன்னதாகவே முடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின. அதுவும் போதவில்லை. 2015 ஜூலையில் விற்பனை வரி 6.15இலிருந்து 6.5 வீதமாக உயர்ந்தது. சிகரட் வரியும் கூடியது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கவனியுங்கள், அங்கே பாணுக்கும் பாலுக்கும் மரக்கறிக்கும்கூட அந்த விற்பனை வரி அப்போது முழுமையாக இருந்தது. உள்ளூர் சபைகளின் வரி அதற்கு மேல். ஏழைக் குடும்பங்களுக்கு உணவு வரிக்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டு வந்த தொகையையும் 2012ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கியிருந்தது. அடுத்த வருடம் ஒரு வகையில் அதைத் திரும்பக் கொண்டுவந்தாலும், வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அதனால் பிரயோசனம் இருக்கவில்லை. எல்லைக்கு அப்பால் உள்ள மிசூரி மாநிலத்தில் உணவுப் பொருளுக்கான மாநில வரி 1.225 வீதம் மட்டுமே. கன்சாஸ் நகரமோ இரண்டு மாநிலங்களிலும் பரவிக் கிடக்கிறது. வீதியின் இந்தப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? தனது வருமான வரியில் சில நூறு டொலர் மிச்சம், வாடிக்கையாளரோ வாகனத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம்.

ஆளுநர் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கோதுமை, எண்ணெய் விலைகள் அந்த வருடங்களில் விழுந்தன, விமான உற்பத்தியும் மந்தமாக இருந்தது, அதற்கு வரிச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டார்கள். செலவைப் போதிய அளவு குறைக்காததே பிரச்சினை என்றார்கள். முதலாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேலைவாய்ப்பு வளர்ச்சி நாட்டின் சராசரியைக்கூட எட்டவில்லை. இரண்டாவதற்குப் பதில் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்தது. கல்விக்கு ஒதுக்கும் பணம் அரசியலமைப்பு கேட்கும் அளவுக்குப் போதாது என்று மாநில உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுநரின் ஆதரவாளர்கள் பலர் ஆசனங்களை இழந்திருந்தார்கள். அவர்களைத் தோற்கடித்தவர்களில் பலர் அதே குடியரசுக் கட்சிக்காரர்கள்.

அடுத்து வந்ததுதான் உண்மையான வரவு செலவு விவாதம். 2017 பெப்ரவரியில் வரிச் சலுகையை நீக்கும் சட்டமூலம் இரு சபைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் தனது அதிகாரத்தைப் பாவித்து நிராகரித்தார். அதை மீறுவதற்கு மூன்றில் இரண்டு வாக்குகள் வேண்டும். கீழ்ச்சபை மீறியது. செனட்டில் 24 வாக்குகள் கிடைத்தன, மூன்று போதவில்லை. மாதக்கணக்கில் வாதம் தொடர்ந்தது. ஜூன் 6ஆம் திகதி மற்றொரு சட்டமூலம் ஆளுநரின் நிராகரிப்பைத் தாண்டி நிறைவேறியது. கீழ்ச்சபையில் 88க்கு 31, செனட்டில் 27க்கு 13. நாற்பது பேர் கொண்ட அந்தச் செனட்டில் தேவைப்பட்டது சரியாக 27. ஒருவர் நழுவியிருந்தாலும் தோற்றிருக்கும். ஜனநாயகக் கட்சிக்கு அங்கே இருந்தவை ஒன்பது ஆசனங்கள் மட்டுமே. ஆகவே குறைந்தது பதினெட்டுப் பேர் தமது சொந்தக் கட்சி ஆளுநருக்கு எதிராக, அதுவும் வரியைக் கூட்டுவதற்காக, கை உயர்த்தினார்கள். அடுத்த தேர்தலில் இதற்கு விலை கொடுக்க நேரலாம் என்பதை அறிந்துதான் உயர்த்தினார்கள்.

இப்போது நமது கதைக்கு வருவோம். 2019 நமது சமூகத்தின் வியாபாரிகளுக்கு எப்படிப்பட்ட வருடம் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நமது கடைகள் பல மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தன. மினுவாங்கொடையில் எரிந்தவையும் உண்டு. அந்த வருடக் கடைசியில் புதிய அரசாங்கம் வந்து, டிசம்பர் முதலாம் திகதி தொடக்கம் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. வற் பதிவுக்கான எல்லை வருட விற்பனை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது. நம்மில் பெரும்பாலானோர் ஒரே நாளில் வற் கோப்பிலிருந்து விடுபட்டோம். கணக்காளருக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம் என்று மகிழ்ந்தோம். நானும் அப்போது அதில் பெரிதாகத் தவறு காணவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அந்த ஏழு வீதத்தை எத்தனை கடைகளில் வாடிக்கையாளருக்கு விலையில் குறைத்துக் கொடுத்தோம்?

கன்சாஸில் முதலில் விவாதம், பிறகு சட்டம், ஓட்டை தெரிந்ததும் மறுபடி விவாதம். இங்கே அமைச்சரவைத் தீர்மானமாக வந்து உடனே அமுலானது. அதைச் சரிபார்க்க வேண்டிய பாராளுமன்றம் 2020 மார்ச்சில் கலைக்கப்பட்டது. பிறகு கொரோனாவும் வந்தது. தேசிய உற்பத்தியில் 2019இல் ஏறத்தாழ 12.6 வீதமாக இருந்த அரசாங்க வருமானம் 2021இல் சுமார் 8.3 வீதமாகச் சரிந்தது. கன்சாஸுக்கு முடியாத ஒன்று நமது திறைசேரிக்கு முடிந்தது. மத்திய வங்கி பணம் அச்சிட்டது. ஓட்டை வெளியே தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டினார்கள். அங்கே பிள்ளைகளின் தவணை சில நாட்கள் முன்னதாக முடிந்ததும் சனம் விழித்துக்கொண்டது. இங்கே விழித்தபோது 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்ற அறிவித்தல்.

வரிக் குறைப்பு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பழைய கடன், உல்லாசப் பயணத்துறையின் வீழ்ச்சி, 2021இன் இரசாயன உரத் தடை எல்லாம் சேர்ந்து வந்தவை. ஆனால் மழை வரும் காலத்தில் கூரையைக் கழற்றியது அந்த வரிக் குறைப்புத்தான்.

நமது வியாபாரிகளின் ஐந்தொகையைப் போட்டுப் பார்ப்போம். வரவுப் பக்கத்தில் இரண்டரை வருட வற் சலுகை. செலவுப் பக்கத்தில், சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன டொலர். வங்கியில் கடன் கடிதம் திறக்க முடியாமல் துறைமுகத்தில் கிடந்த கொள்கலன்களுக்குக் கட்டிய தாமதக் கட்டணம். கடனுக்குக் கொடுத்த சாமானின் காசு வந்து சேர்வதற்குள் அதே சாமானை மறுபடி வாங்கப் போதாமல் போன நிலை. மின்வெட்டு, டீசல் வரிசையில் நின்ற லொறிகள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஒரு கிலோ பருப்பு வாங்கிய வாடிக்கையாளர் 250 கிராம் வாங்கத் தொடங்கினார். அவரில் பலர் இன்னும் ஒரு கிலோவுக்குத் திரும்பவில்லை.

பிறகு ஓட்டையை அடைத்த விதத்தைப் பாருங்கள். 2022 ஜூனில் வற் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி என்று 2.5 வீதம் வேறு. 300 மில்லியனாக உயர்த்தப்பட்ட வற் எல்லை 80ஆகவும் பிறகு 60ஆகவும் இறங்கியது. குறைத்தபோது பெரிய இடத்தில் அதிகம் தங்கியது. கூட்டியபோது பருப்பு வாங்குபவரிடமும் நம்மைப் போன்ற நடுத்தர வியாபாரிகளிடமும் வந்து நின்றது. கன்சாஸிலும் இதே வரிசைதான். முதலில் இலாபத்துக்குச் சலுகை, பிறகு பாணுக்கு வரி.

அங்கே 2018 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் லோரா கெலி ஆளுநரானார். 2022இல் உணவு வரியைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். 2023 ஜனவரியில் 6.5 வீதம் 4 ஆகியது, அடுத்த வருடம் 2, 2025 ஜனவரி முதலாம் திகதியுடன் மாநில வரி பூச்சியம். மாநிலத்தின் கணக்கு நிமிர்ந்து, கையில் மிச்சம் சேர்ந்த பிறகு செய்த குறைப்பு இது. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. வருமான வரிக்கு எல்லோருக்கும் ஒரே வீதம் வேண்டும் என்று சட்டசபையில் பெரும்பான்மையினர் மீண்டும் கேட்டனர். கெலி அதனை நிராகரித்தார். 2024 ஜூனில் 5.2, 5.58 என்று இரண்டு வீதங்களில் சமரசம் செய்துகொண்டார்கள். இம்முறை எவ்வளவு வருமானம் இழக்கப்படும், எந்த நிதியிலிருந்து ஈடுசெய்வது என்ற வாதம் வாக்கெடுப்புக்கு முன்பே நடந்தது.

நான் ஆரம்பத்தில் சொன்ன மொத்த வியாபாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் பதினெட்டுப் பேர மாதிரி எங்கட எம்.பி.மாரில ஆரும் ஈக்காங்களா?"

என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. ஆனால் நமது வர்த்தக சங்கங்கள் ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் நிதியமைச்சுக்கு மகஜர் அனுப்புகின்றன. நான் பார்த்தவற்றில் வற் எல்லையும் சுங்கத் தீர்வையும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். கேட்கும் ஒவ்வொரு சலுகைக்கும் எதிரே, அதனால் குறையும் பணத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள், பருப்பிலும் பாணிலும் அதை ஏற்றமாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று ஒரு வரி சேர்த்து, அதன் பிரதியை நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பி, வாக்கெடுப்புக்கு முன்னர் எழுத்தில் பதில் கேட்கலாம். இதற்குத் தேவை மேலதிகமாக ஒரு தாள்தான்.